வீட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

முன்பெல்லாம் சித்தூரிலோ திருப்பதியிலோ ஒருவர் தாம் பாடிய பாட்டைப் பதிவு செய்து கேட்க ஆசைப்பட்டால், சென்னைக்கு ரயிலேறி, மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடிவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறத்திலேயே பஞ்சதன் கூடத்தை அமைத்து, 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசையை அங்கே உருவாக்கிய நாள் முதல், வீட்டுக்குள்ளேயே இந்தக் காரியம் சாத்தியம் என்ற தைரியம் எல்லோருக்கும் வந்தது. இன்று ஒரு மைக்கும், கணினியும், இரண்டையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும், நல்ல ஹெட்ஃபோனும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

கருவிகளைப் பற்றிச் சொல்லக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அறையைப் பற்றிச் சொல்லத்தான் ஆளில்லை. நம் வீடுகளில் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடிச் சதுர அறையே. ஒலிப்பதிவுக்கு இதைவிடப் பொருந்தாத வடிவம் இல்லை. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரு சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி தேங்கி நின்று முழங்குகிறது. நான்கு சுவர்களும் ஒரே இடைவெளியில் அமைந்துவிட்டால் அந்த முழக்கம் மேலும் வலுக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஒரு மெல்லிய அடிகூட அங்கே பீப்பாய்க்குள் விழுந்ததுபோல் பதிவாகும். ஆகவே நீள அகலங்கள் வேறுபட்ட அறையைத் தேர்ந்துகொண்டு, மூலைகளில் கனத்த இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தி, கடப்பைக் கல் தரையில் ஜமக்காளம் விரித்து, ஒரு சுவர் நிறையப் புத்தக அலமாரி வைப்பது நலம். முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டினால் தெருச் சத்தம் உள்ளே வராது என்ற நம்பிக்கை வீண். சத்தத்தைத் தடுப்பவை சுவரின் கனமும் இடுக்கில்லாத கதவுமே. அப்படி அடைத்துவிட்டு மின்விசிறியையும் நிறுத்தினால், வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை வைகாசியில் பாடகர் அங்கே அரைமணி நேரம் உட்கார்வது பிரயாசை என்பதனால், கோயில் ஒலிபெருக்கிகள் விழிக்குமுன் பின்னிரவிலேயே பதிவை முடித்துக்கொள்வதுதான் இந்தப் பிரதேசத்துக்கு உகந்த முறை.

இவ்வளவும் செய்து எதைப் பதிவு செய்யப் போகிறோம், பதிந்ததை எங்கே வைக்கப் போகிறோம் என்பதுதான் என் மனத்தை அரிக்கும் கேள்வி. திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் மறைந்திருந்து 1922-இல் வெளிப்பட்ட, அன்னமாசாரியரின் கீர்த்தனங்களைத் தாங்கிய செப்பேடுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவர் 32,000 கீர்த்தனங்கள் பாடியதாக மரபு. அவற்றில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவை பாதிக்கும் குறைவே. கிடைத்தவற்றிலும் பாட்டின் தலைப்பில் ராகத்தின் பெயர் உண்டு, சாஹித்யம் உண்டு. அவர் அதை எப்படிப் பாடினார் என்பதற்கான ஸ்வரக் குறிப்பு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய மகாவித்துவான்கள் பிற்காலத்தில் வர்ணமெட்டு அமைத்துக் கொடுத்திராவிட்டால், நாம் இன்று உருகிக் கேட்கும் பல கீர்த்தனங்கள் படிக்கும் பாட்டாகவே நின்றிருக்கும். உலோகத்தில் வெட்டி வைத்த சொல் ஐந்நூறு ஆண்டு தாங்கியது. குரலில் வாழ்ந்த மெட்டு தாங்கவில்லை.

அவ்வளவு பழங்காலத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் ‘மதுராநகரிலோ’ இசைத்தட்டைக் கேட்டு இன்றும் மகிழ்கிறோம். ஆனால் அவருக்கு அந்த லய ஞானத்தை ஊட்டிய குருநாதர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் குரலைத் தாங்கிய தட்டு ஒன்றுகூட நமக்கு இல்லை. இசைத்தட்டு நாட்டில் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் வாழ்ந்து, 1934-இல் மறைந்தவர் அவர். இந்த நஷ்டத்தை எந்தக் கருவியைக்கொண்டு ஈடு செய்வது?

இன்றும் இதே நஷ்டம் நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, பகலில் கதை சொல்லும் பாகவதரும், இரவில் அர்ச்சுனன் தபசுக்கும் படுகளத்துக்கும் பாடும் கூத்து வாத்தியாரும் ஏட்டில் எழுதாத மெட்டுகளைத் தொண்டையில் வைத்திருக்கிறார்கள். தமிழும் தெலுங்கும் ஒன்றோடொன்று கலந்து புழங்கும் இந்த எல்லைச் சீமைக்கே உரிய சங்கதிகள் அவற்றில் உண்டு. அவர்களில் எத்தனை பேரை நம் வீட்டுக் கூடங்கள் அழைத்து உட்கார வைத்திருக்கின்றன? அழைத்தாலும், சுருதி திருத்தும் மென்பொருளைக்கொண்டு அந்தக் குரலை நேராக்க வேண்டும் என்ற ஆவல் உடனே தலைதூக்குகிறது. அசைவே உயிராக உள்ள தோடியின் காந்தாரத்தை அப்படிப் பிடித்து நிறுத்தினால், கேட்பது தோடியாக இராது. அந்த வாத்தியாரின் குரலைத் திருத்தாமல், இரைச்சல் நீக்காமல், எதிரொலி கூட்டாமல் உள்ளபடி எடுத்து ஒரு மூலப்பிரதி வைத்துவிட்டு, அலங்காரமெல்லாம் வேறு பிரதியில் செய்துகொள்ளட்டும்.

இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும், அது என்றும் இருக்கும் என்பார் சிலர். ஏற்றியவரின் கணக்கு மூடப்பட்டால் பாட்டும் போய்விடும். தவிர அங்கே ஏறுவது பெரும்பாலும் சுருக்கப்பட்ட பிரதியே. வீட்டு ஹார்டு டிஸ்கோ சில ஆண்டுகளிலேயே பழுதாகிவிடக்கூடியது. பழுதாகும் நாளை முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. எத்தனையோ வீடுகளில் தாத்தாவின் பஜனை அடங்கிய காஸெட்டுகள் பூஞ்சை பூத்துக் கிடப்பதைப் பார்த்த பிறகும் நாம் இந்த விஷயத்தில் அசிரத்தையாக இருப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

செலவு ஒன்றும் பெரிதல்ல. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவு ஏறத்தாழ ஒரு ஜிபி இடமே பிடிக்கும். பாடத் தொடங்குமுன் பாடுபவர் தம் பெயர், ஊர், பாட்டு, அதைக் கற்பித்தவர், தேதி ஆகியவற்றை மைக்கின் முன்னாலேயே சொல்லிவிடட்டும். உறைமேல் எழுதியது அழிந்தாலும் குரலோடு சேர்ந்த விவரம் பாட்டு இருக்கும்வரை இருக்கும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றைப் பாடியவர் குடும்பத்துக்கும், ஒன்றைப் பதிவு செய்தவர் வீட்டுக்கும், மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினருக்குமாகப் பிரித்து வைத்து, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புது டிஸ்குக்கு மாற்றி, முழுதும் ஓட்டிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கூத்து வாத்தியார்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். வருகிற பாரத உத்ஸவத்துக்கு முன்பே அவர்களைப் போய்ப் பார்த்துச் சம்மதம் கேட்டுவிடுவது உத்தமம்.