பெருமந்தமும் ஊவாத் தோட்டங்களும்

1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்ததுதான் உலகப் பெருமந்தத்தின் தொடக்கம் என்று பாடநூல்கள் சொல்லும். ஊவாவைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். 1920களில் நல்ல விலை கிடைத்தபோது இந்தியா, இலங்கை, ஜாவா மூன்றுமே தேயிலையைப் பெருக்கிவிட்டன. வாங்குகிறவர்களின் கை சுருங்கியதும் லண்டனில் சரக்குத் தேங்கியது. றப்பரின் கதி இன்னும் மோசம். 1925 இல் ஓர் இறாத்தல் நான்கு ஷில்லிங்கைத் தாண்டிய றப்பர், 1932 இல் இரண்டு பென்ஸ் அளவுக்கு விழுந்தது.

இலங்கையோ தேயிலை, றப்பர், தெங்கு என்ற மூன்று பொருட்களை விற்றுத்தான் சோற்றுக்கு அரிசி வாங்கியது. அரசின் வருமானமும் பெரும்பாலும் சுங்கத்திலிருந்தே வந்தது. ஆகவே ஏற்றுமதி படுத்ததும் திறைசேரியும் படுத்தது.

அரசு என்ன செய்தது? 1931 இல் டொனமூர் யாப்பின்படி அரசாங்க சபை கூடியது. தொழில், கைத்தொழில், வணிக அமைச்சராக பெரி சுந்தரம் இருந்தார். 1932 இல் வருமான வரி முதன்முறையாக வந்தது. 1933 ஏப்ரலில் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இந்தியா, இலங்கை, டச்சு இந்தியா மூன்றும் முதல் வருடம் தத்தம் அடிப்படை ஏற்றுமதியில் 85 சதவீதத்தையே அனுப்பச் சம்மதித்தன. 1934 இல் றப்பருக்கும் அப்படியொரு ஏற்பாடு வந்தது. சரக்கைக் குறைத்து விலையை நிமிர்த்துவதே நோக்கம். அது ஓரளவு பலித்தது.

ஆனால் குறைத்த சரக்கு என்றால் குறைந்த வேலை. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நாட்கூலி வகுத்திருந்தார்கள். அரிசி மலிந்துவிட்டது என்று காரணம் காட்டி, 1933 அளவில் ஆண் கூலியை 49 சதமாக இறக்கினார்கள்.

ஐந்து சதம்தானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 24 நாள் 54 சதத்துக்கு உழைத்தவருக்கு 12 ரூபா 96 சதம். அவருக்கே 20 நாள் வேலை 49 சதத்துக்குக் கிடைத்தால் 9 ரூபா 80 சதம். கிட்டத்தட்டக் காற்பங்கு போய்விட்டது! கூலியைவிட நாட்கள்தான் பெரிய வெட்டு. வேலை இழந்த பலரைக் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1931 இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான்.

இந்த வெட்டு லயத்தோடு நிற்கவில்லை. சம்பள நாளை நம்பிக் கடன் கொப்பியில் எழுதிக் கொடுக்கிற வியாபாரம் பதுளை, பசறை, பண்டாரவளைக் கடைத்தெருக்களில் நம்மவர்களுக்கும் பழக்கமானதே. அங்கே சம்பளம் சுருங்கினால் இங்கே கொப்பி நிரம்பும். அக்காலத்து வங்கிகளோ ஏற்றுமதி, இறக்குமதிக் கம்பனிகளுக்கானவை; சில்லறைக் கடைக்காரரை அவை ஏறிட்டும் பார்க்கவில்லை. 1934 இல் வங்கி ஆணைக்குழு இக்குறையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. இலங்கை வங்கி திறந்ததோ 1939 இல், நெருக்கடி கடந்த பிறகு.

விலையைக் காக்க நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. வேலை நாட்களைக் காக்க அப்படியொரு உடன்படிக்கை இல்லை. 2021 இல் 1,000 ரூபா நாட்கூலி வர்த்தமானியில் வந்தபோதும் தோட்டங்களில் எழுந்தது அதே பழைய கேள்விதான்: மாதத்தில் எத்தனை நாள் வேலை, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து?