தொழில் வரி வசூல் பொருளாதாரச் சுட்டியாகுமா? – வேங்கிக்காலை முன்வைத்து

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான மாநிலங்கள் தனிநபர் வருமானத்தின் மீது தாமே வரி விதிக்கின்றன. ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்யப்படும் வரி அடிக்கடி கருவூலத்தை அடைவதால், வேலைவாய்ப்பின் போக்கை முன்கூட்டி அறிய அவ்வசூல் பயன்படுகிறது. அங்கும் இச்சுட்டி பிழைபடுவதுண்டு. 2013 முதல் மூலதன ஆதாயத்தின் மீதான கூட்டரசு வரிவீதம் உயரவிருந்ததால், பலர் 2012 இறுதிக்குள் சொத்துகளை விற்றனர். 2013 ஏப்ரலில் மாநில வசூல் பெருகியது. அப்பெருக்கத்திற்குக் காரணம் வரி நாட்காட்டியே; வளம் அன்று.

இந்தியாவில் இச்சுட்டியை அப்படியே பொருத்த இயலாது. வேளாண்மை அல்லாத வருமானத்தின் மீதான வரி ஒன்றியப் பட்டியலின் 82-ஆம் இனம். மாநிலத்திற்குரிய பங்கும் அதன் எல்லைக்குள் வசூலான தொகையைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை; நிதிக்குழுவின் வாய்பாட்டைப் பொறுத்தது. பதினைந்தாம் நிதிக்குழு, பகிரத்தக்க வரிகளில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு ஒதுக்கி, அதில் தமிழ்நாட்டின் பங்கை 4.079 விழுக்காடாக வரையறுத்தது. ஆகவே தமிழ்நாட்டிற்கு வந்துசேரும் வருமான வரிப் பங்கிலிருந்து தமிழரின் வருமானத்தை ஊகிப்பது முறையன்று.

வருமானத்தை அளவுகோலாகக் கொண்டு தமிழகத்திலேயே வசூலாகும் வரி என்றால் தொழில் வரியைத்தான் சொல்ல வேண்டும். மாநிலப் பட்டியலின் 60-ஆம் இனத்தின்கீழ் அமைந்த இவ்வரியை 1998-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் உள்ளாட்சி அமைப்புகளே விதித்து வசூலிக்கின்றன. எனவே ஓர் ஊரின் அளவிலேயே இதனை ஆராய முடியும். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் இதற்கு ஏற்ற களம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கு அமைந்திருப்பதால் மாத ஊதியம் பெறுவோர் திரளாகப் பணிபுரிகின்றனர். அருகிலேயே, கிரிவலத்தை நம்பி வாழும் சிறுவணிகர், விடுதி நடத்துவோர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரின் பொருளாதாரம் இயங்குகிறது.

அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை இவ்வரி இல்லை. 75,000 ரூபாயைக் கடந்தோர் அனைவரும் ஒரே படிநிலையினர். அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்னும் உச்சவரம்பை விதிக்கிறது. 1988-இல் அறுபதாம் திருத்தத்தால் 250 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்ட இவ்வரம்பு அதன்பின் மாறவில்லை. இதன் விளைவை ஒரு சிறு கணக்கு காட்டும். தமிழக அரசின் 2017 ஊதியத் திருத்தப்படி மிகக் கீழ்நிலைப் பணியின் தொடக்க அடிப்படை ஊதியம் 15,700 ரூபாய். ஆறு மாதத்திற்கு 94,200 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்க்காமலேயே இத்தொகை உச்சப் படிநிலைக்குள் விழுகிறது. எனவே அலுவலக உதவியாளரும் மாவட்ட ஆட்சியரும் செலுத்தும் தொழில் வரி ஒன்றே. ஊதியம் இருமடங்கானாலும் வசூலில் ஒரு ரூபாய் கூடாது. ஊதியத்தாரைப் பொறுத்தவரை இவ்வசூல் வருமானத்தை அளக்கவில்லை, தலைகளை எண்ணுகிறது.

ஊதியத்தாரிடம் பணம் பெற்று வழங்கும் அலுவலரே பிடித்தம் செய்துவிடுவதால் நிலுவை குறைவு. வணிகரிடம் நிலை வேறு: கேட்பு எழுப்பி, நேரில் சென்று வசூலிக்க வேண்டும். அவ்வகை வசூல் உயர்ந்தால் வணிகம் செழித்தது எனலாம். வசூலிப்போர் அவ்வாண்டு முனைந்து செயல்பட்டனர் எனவும் கொள்ளலாம். இவ்விரண்டையும் மொத்தத் தொகை பிரித்துக் காட்டாது.

ஆய்வாளர் நோக்க வேண்டியது கேட்பு–வசூல்–நிலுவைப் பதிவேட்டின் கேட்புப் பகுதியை. ஊதியம் சாராத புதிய வரி செலுத்துவோர் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் கடையை மூடி நீங்கினர் என்பதை அரையாண்டுதோறும் தொகுத்தால், கிரிவலப் பொருளாதாரத்தின் விரிவு ஓரளவு புலப்படும். பதிவேட்டில் இடம்பெறாத நடைபாதை வணிகர் அப்போதும் விடுபடுவர். எல்லை மாற்றத்தையும் கருத வேண்டும். திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சியாயிற்று. நகராட்சிக் காலத் தொகையையும் மாநகராட்சித் தொகையையும் ஒப்பிடுமுன் இரண்டும் ஒரே நிலப்பரப்பைக் குறிக்கின்றனவா என்பதை வார்டு வாரியாகச் சரிபார்த்தாக வேண்டும்.