சூனியக்காரி ஒரு டீச்சர்!

சினிமாவில் வரும் வில்லியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்களா? அமெரிக்கக் குழந்தைகள் பல தலைமுறையாக, பச்சை முகச் சூனியக்காரி ஒருத்தியைக் கண்டு நடுங்கினர். 1939ல் வெளியான, 'தி விசார்ட் ஆப் ஓஸ்' படத்தில் வருபவள் அவள்.

பிராங்க் பாம் என்பவர், 1900ல் எழுதிய கதை இது. டோரதி என்ற சிறுமியை, சூறாவளி வீட்டோடு தூக்கிச் சென்று, ஓஸ் என்ற மாய நாட்டில் போடும். அதுவரை பழுப்பு நிறத்தில் ஓடும் படம், அங்கே வண்ணமாக மாறும். பாட்டும், கூத்துமாக நடக்கும் டோரதியை, சூனியக்காரி மிரட்டுவாள்.

அந்த வேடத்தில் நடித்தவர், மார்கரெட் ஹாமில்டன். நடிக்க வரும் முன், அவர் மழலையர் பள்ளி ஆசிரியை!

படப்பிடிப்பு, 1938 டிசம்பரில் நடந்தது. நெருப்பும், புகையும் எழும்போது, தரையில் உள்ள ரகசியக் கதவு வழியே அவர் மறைய வேண்டும். நெருப்பு முந்திக் கொண்டது; முகமும், கையும் வெந்தன. பச்சை, 'மேக் - அப்'பில் தாமிரம் கலந்திருந்ததால், புண்ணின் மேலேயே, 'ஸ்பிரிட்' போட்டுத் துடைத்தனர். எப்படி எரிந்திருக்கும்!

ஆறு வாரங்களுக்குப் பின் வந்து, மீதியை நடித்துக் கொடுத்தார். ஆனால், நெருப்புக் காட்சிகளில் நடிக்க உறுதியாக மறுத்து விட்டார்.

அந்தப் படம், 1956ல், 'டிவி'க்கும் வந்தது. குழந்தைகளின் பயமும் வளர்ந்தது. 1975ல், 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹூட்' என்ற சிறுவர் நிகழ்ச்சிக்கு வந்தார், மார்கரெட். சூனியக்காரியின் உடையை ஒவ்வொன்றாக அணிந்து காட்டி, எல்லாம் வெறும் வேடம் தான் எனப் புரிய வைத்தார்.

இனி, திரையில் வில்லி மிரட்டினால், வேடத்துக்குள் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். பயம் பறந்து விடும்!