மால்குடிக்கு வழி தெரியும், அராக்கிஸுக்கு?

மைசூரு யாதவகிரியில் ஆர்.கே.நாராயண் வாழ்ந்த மாடி வீடு இன்று அருங்காட்சியகம். 2011-ல் இடிக்கத் தொடங்கிய வீடு அது. எதிர்ப்புக் கிளம்பியதால் பிழைத்து, பழுதுபார்க்கப்பட்டு, 2016-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. அவர் படைத்த மால்குடிக்கு இப்படி ஒரு முகவரி கிடையாது. சரயு நதி, மெம்பி மலை, கபீர் தெரு, லாலி எக்ஸ்டென்ஷன் எல்லாமே அவர் தலைக்குள் இருந்தவை. ஆனாலும் 1935-ல் 'சுவாமியும் நண்பர்களும்' ஆங்கிலத்தில் வெளிவந்ததிலிருந்து, அந்த ஊருக்குள் நுழைந்த வாசகர் வழி தெரியாமல் திண்டாடியதாகக் கேள்வியில்லை.

அராக்கிஸும் கற்பனை இடம்தான். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் வெளியிட்ட 'டூன்' நாவலில் வரும் பாலைவனக் கோள். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிய பிறகு, கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் என்ற நிறுவனம் அதை அச்சிட்டது. உலகத்தில் அதிகம் விற்ற அறிவியல் புனைகதைகளில் இன்று அதுவும் ஒன்று. ஆசையாக வாங்கி, முப்பது பக்கத்தில் மூடிவைத்தவர்களும் எந்த ஊரிலும் அகப்படுவார்கள்.

மூடிவைத்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், "எனக்கு சயின்ஸ் வராது." இது தன்னடக்கமாக இருக்கலாம், உண்மை இல்லை. 'டூன்' நாவலின் முதல் முப்பது பக்கத்தில் பிளஸ் டூ இயற்பியல்கூடக் கிடையாது. ஒரு தாய், பதினைந்து வயது மகன், அவனைச் சோதிக்க வரும் ஒரு கிழவி, குடும்பத்தோடு வேறு ஊருக்கு, அதாவது வேறு கோளுக்குக் குடிபெயரும் ஏற்பாடு. அவ்வளவுதான் கதை. தடுக்குவது வேறெங்கோ.

இரண்டு நாவல்களின் தொடக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். சுவாமிநாதன் கண்விழிப்பது ஒரு திங்கட்கிழமை காலையில். பள்ளிக்கூடத்தை நினைத்தாலே அவனுக்கு உடம்பு நடுங்குகிறது. கணக்கு இன்னும் போட்டாகவில்லை. வகுப்பில் வேதநாயகம் வாத்தியார் காத்திருப்பார். திங்கட்கிழமை என்றால் என்ன, கணக்கு போடாவிட்டால் என்ன ஆகும் என்று நாராயண் ஒரு வரிகூட விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை, அந்த பயம் வாசகருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஹெர்பர்ட் நாவலிலோ முதல் சில பக்கங்களுக்குள் காலடான், பெனி ஜெஸரிட், க்விஸாட்ஸ் ஹாடெராக், கோம் ஜபார் என்று வரிசையாக வந்து விழுகின்றன. கோம் ஜபார் என்பது நஞ்சு தோய்ந்த ஊசி என்பது சோதனை நடக்கும்போதுதான் தெரியவரும். அதுவரை அது ஆளா, ஆயுதமா, நோயா என்று வாசகர் ஊகித்துக்கொண்டே போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கதாநாயகன் பாலுக்கும் அந்தச் சொற்கள் புரியவில்லை. படுக்கையில் கிடந்தபடி அவனும் அவற்றைத்தான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறான். வாசகர் திணறுவது ஆசிரியரின் கவனக்குறைவால் அல்ல. தெரிந்தேதான் அப்படி எழுதியிருக்கிறார்.

யதார்த்த நாவல் வாசகர் வீட்டுச் சாமான்களையே எடுத்துப் புழங்குகிறது. தெரு, பள்ளிக்கூடம், மாமியார், அடகுக்கடை என்று பெயர் சொன்னால் போதும், மிச்சத்தை வாசகர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டுக்கொள்வார். அறிவியல் புனைகதை காலி வீட்டைக் காட்டி, சாமான்களை ஒவ்வொன்றாக, பெயர் மட்டும் ஒட்டி, உள்ளே அனுப்புகிறது. எது எங்கே போகும் என்று ஊகித்து வைக்க வேண்டியது வாசகர் பொறுப்பு.

இப்படி ஒரு வாக்கியம் வருவதாக வைத்துக்கொள்வோம்: 'மழை வரி பாக்கி இருந்ததால் அந்தத் தெருவில் மட்டும் இன்றும் தூறவில்லை.' எளிய சொற்கள்தான், ஒன்றுக்கும் அகராதி வேண்டாம். ஆனால் பழகிய வாசகர் இதற்குள் ஒரு நாட்டையே பார்த்துவிடுவார். மழையை யாரோ கட்டுப்படுத்துகிறார்கள். தெருத்தெருவாகப் பிரித்து அனுப்பும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. அதற்குக் கட்டணம் உண்டு. கட்டாதவரைத் தண்டிக்கும் அதிகாரமும் உண்டு. 'இன்றும்' என்பதால் பாக்கி இன்று நேற்றையதல்ல. தெருவுக்கே தண்டனை என்பதால், ஒரு வீட்டுக்காரர் கட்டாவிட்டாலும் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள் போலிருக்கிறது. பழகாத வாசகருக்கு இது ஒரு கிறுக்குத்தனமான வரி. விளக்கம் வரும் என்று காத்திருப்பார், வராது, அடுத்த வரியில் இன்னொரு புதுச் சங்கதி வந்து நிற்கும்.

அமெரிக்க நாவலாசிரியரும் விமர்சகருமான சாமுவேல் டிலேனி நெடுங்காலமாக வலியுறுத்தி வருவது இதைத்தான். அறிவியல் புனைகதையைப் படிப்பதற்கென்றே தனிப் பழக்கம் ஒன்று உண்டு, அது படித்துப் படித்துத்தான் வரும் என்கிறார். சாதாரணக் கதையில் 'சேதி கேட்டதும் அவனுக்குத் தலை சுற்றியது' என்றால் அதிர்ச்சி என்று பொருள். கழுத்தில் சுழல் தாங்கி வைத்த ரோபோவைப் பற்றிய கதையில் தலை நிஜமாகவே சுற்றலாம். எது உவமை, எது நடப்பு என்று வரிக்கு வரி முடிவெடுக்க வேண்டியிருப்பது சின்ன உழைப்பல்ல.

மனதுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின்படி, ஒரே நேரத்தில் நாம் கவனத்தில் ஏந்தக்கூடிய சங்கதிகள் ஏறத்தாழ நான்கு. பொருள் தெரியாத பெயர்கள் நான்கை ஏந்திக்கொண்டு நிற்கிறவரிடம் ஐந்தாவது பெயரை நீட்டினால் முதலாவது கீழே விழும். முன்பக்கம் புரட்டுவது அதனால்தான்.

அமெரிக்காவில் வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்தின் கிறிஸ் கவாலரும் டான் ஜான்சனும் 2017-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே பகுதியை இரண்டு விதமாக எழுதினார்கள். ஒன்றில் சாதாரண ஊரின் உணவகம். மற்றதில் அதே காட்சி விண்வெளி நிலையத்தில் நடக்கிறது, கதவுக்குப் பதில் காற்றடைப்பு வாசல், சுற்றிலும் வேற்றுக்கோளினர். விண்வெளிப் பகுதியைப் படித்தவர்கள் அந்த உலகத்தைப் புரிந்துகொள்ள அதிகம் முயன்றதாகவும், பாத்திரங்களின் மனதைப் புரிந்துகொள்ளக் குறைவாகவே முயன்றதாகவும் சொன்னார்கள். கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னதும் குறைவு. அறிவியல் கதை என்றதுமே அசட்டையாகப் படித்தார்களா? அதையும் இருவரும் சோதித்தார்கள். பிறகு செய்த ஆய்வில், யதார்த்தக் கதை ஒன்றில் 'மகள்' என்ற ஒரே சொல்லை 'ரோபோ' என்று மாற்றிப் பார்த்தார்கள். இப்போது அந்தச் சரிவு தென்படவில்லை. ஒரு புதுச் சரக்கு வாசகரைக் கவிழ்ப்பதில்லை, அடுக்கடுக்காக இறக்கும்போதுதான் கவிழ்கிறார் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் தாய்மொழியில் படிப்பவர்களைப் பற்றி. மைசூரில் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகத்துக்குத் திருநெல்வேலியிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வந்து சேரும் ஓர் இளைஞர், நண்பர் சொன்னாரென்று 'டூன்' நாவலை ஆங்கிலத்தில் எடுத்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. இரண்டாம் மொழியில் கதை படிப்பவர்களை வைத்து ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. யார் துணையும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள, அதில் நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துக்கு முந்நூறு சொல் என்றால், தெரியாதவை ஆறுக்கு மேல் போகக் கூடாது.

ஆறைத் தாண்டுவதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, எது ஆசிரியர் கட்டிவிட்ட சொல், எது தனக்குத் தெரியாத சொல் என்று பார்த்ததும் பிடிபடும். இந்த இளைஞருக்குப் பிடிபடாது. 'ஆர்னிதாப்டர்' ஹெர்பர்ட் இட்டுக்கட்டியதுபோலத் தெரியும். ஆனால் அது அகராதியில் உள்ள சொல், பறவைபோல் சிறகடித்துப் பறக்கும் பொறி. 'ஸ்டில்சூட்' சாதாரணச் சொல்போலத் தெரியும், அதுதான் இட்டுக்கட்டியது. உடம்பிலிருந்து வெளியேறும் ஈரத்தை மறுபடி குடிநீராக்கும் ஆடை. இரண்டையும் கைபேசி அகராதியில் தேடி, ஒன்று கிடைத்து ஒன்று கிடைக்காமல், குறை தன் ஆங்கிலத்தில்தான் என்று முடிவுகட்டிப் புத்தகத்தை மூடுகிறார். ஆங்கிலப் பேராசிரியரும் அதே இடத்தில் தடுக்கியிருப்பார் என்று அவரிடம் சொல்ல ஆளில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் அவருக்கு நஷ்டமில்லை. ஹெர்பர்ட் அரபு, பாரசீக, சமஸ்கிருதச் சொற்களை அள்ளிப் போட்டிருக்கிறார். அண்டப் பேரரசரின் பட்டம் 'பாதிஷா'. திப்பு சுல்தான் தன்னை பாதுஷா என்று அறிவித்துக்கொண்ட ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூரிலிருந்து கூப்பிடு தூரம். பெனி ஜெஸரிட் பெண்கள் நரம்பையும் தசையையும் வசப்படுத்தக் கற்கும் பயிற்சியின் பெயர் 'பிராணா-பிந்து'. 1930-களில் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகம் கற்றுக்கொடுத்த ஊரில், கோகுலம் பக்கம் இன்றும் வெளிநாட்டவர் பாயைச் சுருட்டிக்கொண்டு நடக்கும் ஊரில், இதற்கு அகராதியா வேண்டும்? டெக்சஸ் வாசகர் விழிக்கும் இடத்தில் நம்மவர் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம்.

அடர்த்தி அறிவியல் புனைகதைக்கு மட்டும் சொந்தமும் இல்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த குவெம்புவின் 'மலெகளல்லி மதுமகளு' 1967-ல் வந்த கன்னட நாவல். மலைநாட்டு வீடுகள், சாதிகள், உறவுகள் என்று ஆள் கூட்டம் தாங்காது. தமிழில் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) சிற்பம், தத்துவம், வைதிகம் என்று கலைச்சொற்களால் இழைத்தது. திணறுகிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் விஷ்ணுபுரத்தில் கோபுரம் என்றால் ஒரு கோபுரம் மனதில் எழுந்து நிற்கிறது. தெரியாததைச் சாத்திவைக்கத் தெரிந்த சுவர் ஒன்று கிடைக்கிறது.

சுஜாதா இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' 2021-22 வாக்கில் நடப்பதாக அமைந்த கதை. ஜீவா என்ற ஆட்சியாளர், ரெண்டெழுத்துப் பெயர் வைத்த குடிமக்கள், பிள்ளை பெற அரசாங்க அனுமதி, படிக்கவும் பேசவும் தெரிந்த ஜீனோ என்ற இயந்திர நாய். கணக்குப் பார்த்தால் புதுமை குறைவில்லை. ஆனால் நடுவில் நிற்கும் நிலா நமக்குத் தெரிந்த பெண். புருஷனைக் காணோம் என்று பதறுகிறாள். அந்தப் பதற்றத்தைப் பிடித்துக்கொண்டு வாசகர் எதிர்காலத்துக்குள் நடந்துவிடுகிறார். வாரம் ஓர் அத்தியாயம் என்பதால், அந்த வாரத்துப் புதுமை ஊறுவதற்கு ஏழு நாள் அவகாசம். ஜீனோவின் குறும்புப் பேச்சு விளக்கவுரையையும் வசனமாக்கிவிடுகிறது. ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று அறிவியல் கேள்விகளுக்கு அவர் பதில் எழுதியதும் வாசகரைத் தயார் செய்த வேலைதான்.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. சுஜாதாவின் எதிர்காலத்தில் ஆட்கள் ஏறக்குறைய நம்மைப் போலவே யோசிக்கிறார்கள், பேசுகிறார்கள். ஹெர்பர்ட்டின் பாலைவனத்தார் அப்படியல்ல. அங்கே ஒருவர் எதிரே எச்சில் துப்பினால் அது அவமதிப்பல்ல, தன் உடம்பின் நீரைக் கொடுத்துச் செய்யும் மரியாதை. தண்ணீர் இல்லாத கோளின் தர்க்கம் அப்படி. அந்த ஒரு காட்சி தரும் அதிர்ச்சி, முன்பக்கங்களில் வாசகர் பட்ட கஷ்டத்தின் மேல்தான் நிற்கிறது. கஷ்டத்தைக் கழித்துவிட்டால் அதிர்ச்சியும் கழிந்துபோகும்.

எல்லாக் கஷ்டமும் இப்படிப் பலன் தருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குதிரைக்கு வாயில் நுழையாத பெயர் வைத்தால் வேற்றுக்கோள் ஆகிவிடும் என்று நம்பும் நாவல்கள் ஏராளம். அவற்றைப் பாதியில் மூடுவதில் குற்றமில்லை. சில சமயம் வாசலை மாற்றினாலே போதும். சீன எழுத்தாளர் லியு சிக்சினின் 'மூன்று உடல் பிரச்சினை' சீனத்தில் புத்தகமாக வந்தபோது, கலாச்சாரப் புரட்சிக் காட்சிகள் தணிக்கைக்குப் பயந்து நடுவில் வைக்கப்பட்டிருந்தன. 2014-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கென் லியு, ஆசிரியர் சம்மதத்தோடு அவற்றை முதலுக்குக் கொண்டுவந்தார். இயற்பியல் தொடங்கும் முன்பே, கண் முன்னால் அப்பாவைப் பறிகொடுக்கும் ஒரு மகள் வந்துவிடுகிறாள். மறு ஆண்டே அந்த நாவல் ஹியூகோ விருது பெற்றது.

புதுச் சொற்களுக்குப் பின்னிணைப்பில் பொருள் கொடுக்கலாமா என்பதில் எழுத்தாளர்களே ஒத்துப்போவதில்லை. ஆண்டனி பர்ஜஸ் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில் (1962) ரஷ்யச் சொற்களைத் திரித்து ஒரு விடலைப் பேச்சையே உண்டாக்கினார். படிக்கப் படிக்க வாசகருக்குத் தானாகப் பிடிபட வேண்டும் என்பது அவர் எண்ணம். அமெரிக்கப் பதிப்பில் அவர் விருப்பத்துக்கு மாறாக ஒரு சொற்பட்டியல் சேர்க்கப்பட்டது. ஹெர்பர்ட் தாமே வரைபடம், பின்னிணைப்புகள், அருஞ்சொற்பொருள் எல்லாம் கொடுத்தார். ஆனால் அருஞ்சொற்பொருள் இருப்பது கடைசியில், உதவி தேவைப்படுவதோ முதல் அத்தியாயத்தில். அதை வரிக்கு வரி புரட்டுவதைவிட, புரியாததைப் புரியாமலே விட்டு ஓர் ஐம்பது பக்கம் போய்ப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான சொற்கள் இரண்டாவது, மூன்றாவது முறை வரும்போது தாமே வழிக்கு வந்துவிடும்.

1984-ல் டேவிட் லிஞ்ச் இயக்கத்தில் 'டூன்' படமானபோது யுனிவர்சல் நிறுவனத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. கோம் ஜபார் முதலான சொற்களுக்குப் பொருள் அச்சிட்ட தாள்களைத் திரையரங்கு வாசலில் பார்வையாளர்கள் கையில் கொடுத்தது. விளக்கை அணைத்த பிறகு அதை எப்படிப் படிப்பது என்று மட்டும் தாளில் போடவில்லை.