நாளெல்லாம் மேயும் மாண்டரின் மீன்

உணவு தூவப்படும் வீட்டில் ஓர் உயிர் பட்டினியால் இறக்க முடியுமா? முடியாது என்றே நாம் சொல்வோம். ஆனால் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கப்படும் ஓர் அழகிய மீனுக்கு இக்கதி அடிக்கடி நேர்கிறது. வளர்ப்பவர் வேளை தவறாமல் உணவு இடுகிறார். உடன் வாழும் மீன்கள் கொழுத்துத் திரிகின்றன. இது மட்டும் நாளுக்கு நாள் மெலிந்து, சில வாரங்களில் மடிகிறது. அதுதான் மாண்டரின் மீன். அதன் பசியை எவ்வாறு தீர்ப்பது என்பதைக் காண்போம்.

சிற்றுருவமும் பேரழகும்

மேற்குப் பசிபிக் கடலில், ஜப்பானின் ரியூக்கியூத் தீவுகள் முதல் ஆஸ்திரேலியா வரை உள்ள பவளத் திட்டுகளில் இம்மீன் வாழ்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் கிடைத்த மீனைக் கொண்டு, 1927ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஹெர்ரே என்ற அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நீளம் ஏறத்தாழ 6 அல்லது 7 சென்டிமீட்டர்தான். நீல உடலில் ஆரஞ்சு நிறக் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடும். சீனப் பேரரசின் மாண்டரின் அதிகாரிகள் அணிந்த பட்டாடையை இக்கோலம் நினைவூட்டுவதால் இப்பெயர் வந்தது என்பர். பெரும்பாலான மீன்களின் நீலம் ஒளியின் குறுக்கீட்டு விளைவால் தோன்றுவது. மாண்டரின் மீனின் நீலமோ உண்மையான நிறமியால் ஆனது என்று 1995ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். இதற்குச் செதில் கிடையாது. கசப்பான வழவழப்புப் படலமே உடலை மூடிக் காக்கிறது.

அது உண்ணும் முறை

நாம் வேளைக்கு வேளை உண்கிறோம். மாண்டரின் மீனோ பகல் முழுவதும் பாறைமேல் மெல்ல ஊர்ந்து, நின்று, உற்றுப் பார்த்து, ஒவ்வோர் இரையாகக் கொத்தித் தின்கிறது. அதன் முக்கிய இரை கோப்பிபாடு எனப்படும் சிற்றுயிர். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவான இது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுடையது. சிறு புழுக்கள், மிகச் சிறிய நத்தைகள், மீன் முட்டைகள் ஆகியவற்றையும் அது உண்ணும். நீரில் மிதக்கும் செதில் உணவையும் குருணை உணவையும் அது பெரும்பாலும் உணவென்றே அறிவதில்லை. அறிந்து திரும்புவதற்குள் வேகமான மீன்கள் அவற்றை விழுங்கிவிடும். பட்டினியின் காரணம் இதுவே.

முதலில் தொட்டிக்கு உணவு

ஆகவே இம்மீனை வளர்க்க விரும்புவோர் முதலில் தொட்டியைத் தயார் செய்ய வேண்டும். ஏறத்தாழ 200 லிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தொட்டியில், துளைகள் நிறைந்த கடற்பாறைகளை நிறைய அடுக்கி, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை முதிர விடுவது நல்லது. கோப்பிபாடுகளைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டால், அவை பாறை இடுக்குகளில் பெருகும். இரவில் விளக்கை அணைத்துச் சிறிது நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் வெண்புள்ளிகள் ஏராளமாக ஊர்ந்தால் களஞ்சியம் நிறைந்துள்ளது என்று பொருள்.

ஆனால் ஒரு மாண்டரின் மீன் இக்களஞ்சியத்தைச் சில வாரங்களில் காலி செய்துவிடக் கூடும். எனவே அனுபவமுள்ளவர்கள் பக்கத்தில் ஒரு சிறு தொட்டி அமைக்கின்றனர். அதில் மீன் இல்லை. நூல்போன்ற கடற்பாசியும் விளக்கும் மட்டுமே உண்டு. அங்கே அச்சமின்றிப் பெருகும் கோப்பிபாடுகள் நீரோட்டத்துடன் பெரிய தொட்டிக்கு வந்து சேரும். நுண்பாசி நீரை அளவாக ஊற்றினால் அவை மேலும் பெருகும். மிகுந்தால் நீர் கெடும். அதே இரையைத் தேடும் சிறு ராஸ் மீன்களை உடன் விடாதிருப்பதும் அவசியம். இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து விட்டால் அவை சண்டையிட்டு மடியவும் கூடும்.

பழக்க முடியுமா?

பொறுமை இருந்தால் சில மீன்களைப் பழக்கலாம். முதலில், அன்று பொரித்த உயிருள்ள ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைக் கொடுக்க வேண்டும். பொரித்த சில மணி நேரத்திலேயே அவற்றின் சத்து குறையத் தொடங்குவதால், தாமதம் கூடாது. பிறகு உறையவைத்த சிறிய மைசிஸ் இறாலைச் சிறிது சிறிதாகக் கலக்கலாம். வாய் குறுகிய கண்ணாடிக் குப்பியைத் தரையில் சாய்த்து வைத்து, அதற்குள் உணவை இட்டால், மற்ற மீன்கள் பறித்துக் கொள்ளாமல் இது நிதானமாக உண்ணும். பண்ணைகளிலேயே பிறந்து வளர்ந்த மாண்டரின் மீன்களும் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. அவை இத்தகைய உணவை எளிதில் ஏற்கின்றன. கடலிலிருந்து பிடிப்பதும் அந்த அளவுக்குக் குறைகிறது.

வயிற்றைப் பாருங்கள்

இம்மீன் நலமா என்பதை அறிய நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வயிறு சற்றே உருண்டிருந்தால் நலம். வயிறு உள்ளொடுங்கி, முதுகு கூர்ந்து, தலை மட்டும் பெரிதாகத் தோன்றினால் அது பட்டினி கிடக்கிறது என்று பொருள். கடையில் வாங்கும்போதும் இதையே முதலில் கவனிக்க வேண்டும். மிகவும் மெலிந்த மீன் மீண்டும் தேறுவது அரிது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் சிற்றுயிர்கள் தொட்டியில் வாழ்ந்தால்தான் இந்த வண்ண மீனும் வாழும். அழகைக் கண்டதும் வீட்டிற்குக் கொண்டுவர ஆசைப்படுவது இயல்பே. எனினும், "இதற்கு நாளெல்லாம் உணவளிக்க என்னால் இயலுமா?" என்று முதலில் நம்மையே கேட்டுக் கொள்வோம், தோழியரே! இயலாது என்று தோன்றினால், அதைக் கடலிலேயே விட்டுவைப்பதும் அன்புதான் அன்றோ?