தேடுபவர் கண்ணில் படாத பூச்செடிக் கடை

கைக்குள் இணையம் – 17

சுங்கை பூலோவில் ஜாலான் ஹோஸ்பிட்டல் பக்கம் போனவர்களுக்கு அங்குள்ள பூச்செடிக் கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துளசி, மல்லிகை, கறிவேப்பிலை, வெற்றிலைக் கொடி, சீனப் பெருநாள் நெருங்கினால் காயோடு நிற்கும் எலுமிச்சைத் தொட்டிகள் என்று எல்லாம் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும். இந்தத் தொழில் இங்கே வேர்விட்ட கதை பெரியது. 1930இல் பிரிட்டிஷ் ஆட்சி இங்கே தொழுநோயாளர் குடியிருப்பைத் திறந்தது. பரப்பளவு 562 ஏக்கர். நோயாளிகளைக் கைதிகளைப்போல் அடைத்து வைக்கக் கூடாது, வீடும் தோட்டமுமாக வாழவிட வேண்டும் என்று வாதாடியவர் டாக்டர் டிராவர்ஸ். பிரிக்பீல்ட்சில் ஜாலான் டிராவர்ஸ் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. நோய் குணமான பிறகும் வெளியுலகம் ஒதுக்கிய நிலையில் அங்கிருந்தவர்கள் செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். வாங்கியவர் அண்டை வீட்டாரிடம் சொல்ல, அவர் உறவினரிடம் சொல்ல, சுங்கை பூலோ செடிக்குப் பேர் வந்தது.

இன்று அண்டை வீட்டாரைக் கேட்பதற்கு முன் கைப்பேசியைக் கேட்கிறோம். ‘சுங்கை பூலோ பூச்செடிக் கடை’ என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ தமிழிலோ தட்டுகிறோம். சில கடைகள் முதல் பக்கத்தில் வருகின்றன. அதே சாலையில், அதே தரத்தில், சில சமயம் குறைந்த விலையில் விற்கும் கடைகள் வருவதே இல்லை. சென்ற வாரம் அகப்பக்கத்துக்குப் பெயர் பதிவு செய்வதைப் பார்த்தோம். பெயர் வாங்கி, பணம் கட்டி, பக்கம் போட்டாயிற்று. ஆனாலும் தேடினால் கிடைக்கவில்லை. ஏன்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் தேடும் நொடியில் கூகுள் இணையம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. அதன் நிரல்கள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போய், அங்குள்ள எழுத்தைப் படித்துப் பட்டியலிட்டு ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கின்றன. நாம் தேடுவது அந்தச் சேமிப்பில். ஆகவே முதலாமிடமா பத்தாமிடமா என்று கவலைப்படுவதற்கு முன், உங்கள் பக்கம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சர்ச் கன்சோல்’ என்ற கூகுளின் கருவி இதை இலவசமாகக் காட்டிவிடும். பல கடைகளின் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. பக்கத்தை வடிவமைத்தவர், வேலை முடியும்வரை தேடுபொறி வரக் கூடாது என்று போட்ட தடையை எடுக்க மறந்திருப்பார்.

அடுத்த சிக்கல் எழுத்து. விலைப் பட்டியலை அழகாக வடிவமைத்து ஒரே படமாகப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். தேடுபொறி முதன்மையாகப் படிப்பது எழுத்தை. படத்துக்குள் இருக்கும் ‘மல்லிகை 12 ரிங்கிட்’ என்ற வரியை நம்பி அது உங்களை வரிசைப்படுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. இது தமிழர்களுக்குப் பழைய வலி. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். தமிழ்க் கணிமையில் மலேசியா முன்னால் நின்ற நாடு. அப்படியிருந்தும் யூனிகோடு பரவும்வரை நம் தமிழ்ப் பக்கங்களில் பெரும்பகுதி தேடுபொறிக்குக் கிறுக்கலாகவே இருந்தது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் தமிழாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. தமிழ்நாட்டு அரசே 2010இல்தான் யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது. அதற்குள் எழுதப்பட்ட எவ்வளவோ நல்ல எழுத்து தேடலுக்கு எட்டாமல் போய்விட்டது. இன்று அதே தவற்றைப் படங்களாகவும், புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும் சுவரொட்டிகளாகவும் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம். இதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

சரி, பட்டியலில் ஏறியாயிற்று. வரிசை எப்படி அமைகிறது?

1990களின் தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களை எண்ணின. ‘பூச்செடி’ என்ற சொல் எந்தப் பக்கத்தில் அதிகமோ அது மேலே வரும். உடனே ஆட்கள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதி ஒளித்து வைத்தார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் வேறு வழி பிடித்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதோடு, மற்றப் பக்கங்கள் அதைச் சுட்டுகின்றனவா என்றும் பார்த்தார்கள். சுங்கை பூலோ செடிக்குப் பேர் வந்த வழியேதான் இது: அடுத்தவர் சொன்னால் மதிப்பு, நாலு பேர் மதிக்கும் ஒருவர் சொன்னால் இன்னும் மதிப்பு. பேஜ்ரேங்க் என்ற அந்தக் கணக்குத்தான் கூகுள் நிறுவனத்தின் அடித்தளம்.

இணைப்புக்கு மதிப்பு என்றதும் இணைப்பு விற்பனைக்கு வந்தது. சுங்கை பூலோவில் தளவாடக் கடைகளும் நிறைய இருப்பதால் இந்தச் சம்பவத்தைச் சொல்கிறேன். 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஜே.சி. பென்னி என்ற பெரிய அமெரிக்கக் கடையின் தேடல் வெற்றியை ஆராய்ந்தது. உடை முதல் தளவாடம் வரை எதைத் தேடினாலும் அந்தக் கடை பல மாதங்களாக முதலிடத்தில் நின்றது. காரணம், கடைக்குச் சற்றும் தொடர்பில்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் அதற்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் பதிக்கப்பட்டிருந்தன. கூகுள் ஊழியர்களே நேரடியாகத் தலையிட்டுத் தண்டித்தார்கள். ‘வரவேற்பறைத் தளவாடம்’ என்ற தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, இரவு 9 மணிக்கு 68ஆவது இடத்தில் கிடந்தது. இணைப்புகள் தங்களுக்குத் தெரியாமல் போடப்பட்டவை என்று சொல்லி, நிறுவனம் தேடல் வரிசையில் தன்னை உயர்த்த அமர்த்தியிருந்த எஸ்.இ.ஓ. ஆலோசகரை நீக்கியது. 2006இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளத்துக்கும் தேடலிலிருந்தே நீக்கப்படும் தண்டனை கிடைத்தது. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு இன்னொரு பக்கமும் காட்டியதற்காக. 2012 ஏப்ரலில் ‘பெங்குயின்’ என்ற மாற்றம் வந்த பிறகு இத்தகைய போலி இணைப்புகளை நிரலே கண்டுபிடிக்கத் தொடங்கியது. பெருநிறுவனங்கள் எழுந்துவிட்டன. ஒரு பூச்செடிக் கடை அப்படி விழுந்தால் எழுவது கடினம்.

இனி சுங்கை பூலோவுக்கே வருவோம். ‘சுங்கை பூலோ’ என்று மட்டும் தேடினால் மருத்துவமனை, சிறைச்சாலை, எம்.ஆர்.டி. நிலையம் ஆகியவைதான் முன்னால் நிற்கும். அவற்றோடு ஒரு சிறு கடை போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். அதுபோக சிங்கப்பூரிலும் ஒரு சுங்கை பூலோ இருக்கிறது, ஈரநிலக் காப்பகம். ரோமன் எழுத்தில் ஓர் எழுத்தாவது வேறுபடுகிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. அதனால் உங்கள் பக்கத்தில் சிலாங்கூர் என்றும், 47000 என்ற அஞ்சல் குறியீடும், சாலைப் பெயரும் எழுத்தாக இருக்கட்டும். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அகப்பக்கத்தில் உள்ளபடியே இருக்கட்டும். உள்ளூர்க் கடைகளை வரிசைப்படுத்த மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் இருக்கும் தொலைவு, கடைக்கு உள்ள பேர். தொலைவை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில்.

பொருத்தம் என்பதை ஒரு செடியை வைத்தே காட்டுகிறேன். கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒருவர் வாங்கிய கறிவேப்பிலை மூன்றே மாதத்தில் வாடுகிறது. அவர் ‘சிறந்த பூச்செடிக் கடை’ என்று தேட மாட்டார். ‘தொட்டியில் கறிவேப்பிலை இலை சுருளுது ஏன்’ என்று தேடுவார். இதற்குப் பதில் செடிக் கடைக்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தளிரில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி உட்கார்ந்திருக்கும். அதே பூச்சி எலுமிச்சைக்கு நோய் பரப்பும், எனவே இரண்டு தொட்டிகளையும் பக்கத்தில் வைக்காதீர்கள். இலையில் பறவை எச்சம்போல் தெரிவது எச்சமல்ல, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. நம்முடைய மழைக்குத் தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். இவ்வளவையும் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் நின்றபடியே சொல்லிவிடுவார். அவருடைய அகப்பக்கத்தில் இருப்பதோ, ‘எங்கள் கடைக்கு வருக, தரமான செடிகள், நியாயமான விலை’ என்ற மூன்று வரி. ஆயிரம் கடைகள் இதே மூன்று வரியைப் போட்டிருக்கின்றன. எதை முன்னால் வைப்பது என்று தேடுபொறிக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரர் வாயால் சொன்னதை எழுத்தாக்கி, பக்கத்தின் தலைப்பில் ‘முகப்பு’ என்று விடாமல் ‘தொட்டியில் கறிவேப்பிலை: இலை சுருளக் காரணமும் மருந்தும்’ என்று போட்டு, தாமே எடுத்த படத்தைச் சேர்த்து, அந்தப் படத்துக்கும் ‘கறிவேப்பிலைத் தளிரில் பூச்சி’ என்று விளக்கம் எழுதினால், அந்தக் கேள்விக்கு அவர் பக்கம் மேலே வர வாய்ப்பு இருக்கிறது. மலாயிலும் எழுதலாம்; போட்டி அதிகம், தேடுபவரும் அதிகம். தமிழில் தேடுபவர் குறைவு, ஆனால் பதில் எழுதி வைத்திருப்பவர் அதைவிடக் குறைவு. கறிவேப்பிலை, கருவேப்பிலை என்று மக்கள் எழுதும் இரண்டையும் இயல்பாகப் பயன்படுத்துங்கள். வேற்றுமை உருபுகளைப் பற்றிக் கவலைப்பட்டுச் செயற்கையாக எழுத வேண்டாம். 2019க்குப் பிறகு கூகுளின் மொழி நிரல்கள் தமிழ் வாக்கியத்தையும் முன்பைவிட நன்றாகப் புரிந்துகொள்கின்றன.

தொழில்நுட்ப வேலை கொஞ்சம் இருக்கிறது. அதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பக்கம் கைப்பேசியில் சரியாகத் தெரிய வேண்டும். கூகுள் 2015 ஏப்ரலிலிருந்து கைப்பேசித் தேடலில் இதைப் பார்க்கிறது. முதன்மையான படமோ எழுத்தோ இரண்டரை நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும். பெரிய படங்களைச் சிறிதாக்கினாலே பாதி வேலை முடியும். முகவரி பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். முறையில் இருக்க வேண்டும். இவை நல்ல உள்ளடக்கத்துக்குத் துணை, மாற்று அல்ல.

‘முதல் பக்கம் உத்தரவாதம், மாதம் இத்தனை ரிங்கிட்’ என்று அழைப்பவர்களைப் பற்றித் திட்டவட்டமாகச் சொல்கிறேன்: நம்பாதீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நேர்மையான வேலைக்கும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்றும் அது சொல்கிறது. பக்கத்துக்குள் ஒளித்து வைக்கும் ‘மெட்டா கீவேர்ட்’ பட்டியலை வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009லேயே அறிவித்துவிட்டார்கள்; இன்னும் அதைக் காசுக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவால் ஒரே நாளில் நூறு கட்டுரை போட்டுத் தருகிறோம் என்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. தேடல் வரிசைக்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் எழுத்தை 2024 மார்ச்சிலிருந்து கூகுள் முறைகேடாகவே நடத்துகிறது.

ஒரே நிறுவனத்தின் விருப்புக்கு நம் கடைகள் கட்டுப்படுவது எனக்கு உவப்பானதல்ல. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்தது என்று தீர்ப்பளித்தார். தேடல் முடிவுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு பதிலைச் சுருக்கிக் கொடுத்துவிடும் முறையும் அதே ஆண்டில் வந்தது. படித்தவர் பக்கத்துக்குள் வராமலே போய்விடலாம். ஆனாலும் செடி வாங்க அவர் கடைக்குத்தான் வர வேண்டும். முகவரியும் நேரமும் சரியாக இருக்கும் கடைக்கே வருவார்.

செடிக் கடைக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவோ பாட்டியோ வாடிக்கையாளருக்குச் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். வாரம் ஒரு செடியைப் பற்றி, படமாக அல்ல எழுத்தாக, உங்கள் கடையின் பக்கத்தில் ஏற்றுங்கள். தமிழிலும் ஒன்று எழுதுங்கள். இதற்கு எந்த நிறுவனத்துக்கும் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை.

அடுத்த வாரம்: கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது, படிப்படியாக.