பூத் வாசலும் பாறை உச்சியும்

தொண்ணூறுகளில் பெரியகுளத்தில் இருந்தவர்களுக்கு இரவு பதினொரு மணி மறக்காது. எஸ்டிடி அழைப்புக்குக் கால் பங்கு கட்டணம் தொடங்கும் நேரம் அது. மூன்றாந்தல் பக்கம் கடையெல்லாம் அடைத்த பிறகும் மஞ்சள் போர்டு போட்ட பூத் வாசலில் மட்டும் ஆள் நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள்ளே ஒரு தாய் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலே ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே பேசுவாள். "சாப்பிட்டியா? சரி வைக்கிறேன், ரூபா ஏறுது." சொல்ல நினைத்ததில் பாதி அவளிடமே தங்கிவிடும்.

அதற்கும் முந்தைய காலம் டிரங்க் கால் காலம். மாங்காய் சீசனில் வெளி மாநிலத்து மண்டி விலை தெரிய, காலையில் அழைப்பைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். லைன் கிடைக்கும்போது விலை மாறியிருக்கும்.

அந்தக் காத்திருப்பை உடைத்ததில் 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 128 இணைப்புகளைத் தாங்கும் சிறிய தானியங்கி எக்ஸ்சேஞ்சை அவர்கள் செய்தார்கள். ஏசி அறை வேண்டாம். தூசியையும் வெயிலையும் தாங்கும். சிறிய ஊர்களுக்கும் நேரடி டயலிங் வந்தது அப்படித்தான். பிறகு செல்போன் வந்தது. 2003 மே மாதத்தில், நமக்கு வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நின்றதும் தோப்புக் காவல்காரர் சட்டைப் பையிலும் ஒரு போன் ஏறிவிட்டது. இன்று வடகரையிலும் தென்கரையிலும் வீட்டு வாசல் வரை பைபர் கேபிள் தொங்குகிறது. பிள்ளை அமெரிக்காவில் இருந்தாலும் முகம் பார்த்துப் பேசலாம், மணியைப் பார்க்க வேண்டியதில்லை.

இவ்வளவும் ஊருக்குள். ஊரில் நின்று மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. சோத்துப்பாறை அணையைத் தாண்டினால் அகமலை. கும்பக்கரைக்கு மேலே சின்னூர், பெரியூர், வெள்ளகவி. கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு வருமுன் வெள்ளைக்காரர்களை டோலியில் சுமந்து ஏறிய பாதை வெள்ளகவி வழியாகத்தான் போனது. அந்த மலையில் இன்றும் டோலி உண்டு. நோயாளியைத் துணியில் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, காட்டாற்றைத் தாண்டிப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு இறக்குகிறார்கள்.

மலையடியில் டவர் இருந்தும் மேலே சிக்னல் ஏன் சரியாகக் கிடைப்பதில்லை? டவரின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. நடுவே ஒரு முகடு நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் வீடுகள் நிழலில் விழுந்துவிடும். சமவெளி டவரின் ஆன்டெனாக்கள் ஜனம் நிறைந்த தெருக்களைப் பார்த்துத்தான் திருப்பப்பட்டிருக்கும். மேலேயே ஒரு டவர் வைக்கலாம் என்றால் கரண்ட் வேண்டும், பேட்டரி வேண்டும், கேபிள் இழுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அத்தனையும் செய்தாலும் பேசுவதற்குச் சில நூறு பேர்தான். லாபக் கணக்குப் போடுகிறவர் அங்கே ஏறமாட்டார். அரசுதான் ஏற வேண்டும்.

அரசு திட்டம் போடாமலும் இல்லை. மொபைல் வசதியே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் பைபர் கொண்டுபோகும் வேலை தனியாக நடக்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்துவிட்டால் அந்த ஊராட்சியின் கடைசிக் குடிசைக்கும் வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. மலை ஊராட்சியில் ஒரு குக்கிராமத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கே கிடக்கும்.

என் மனத்தை அறுப்பது இதுதான். பூத் காலத்தில் போன் இல்லாதது ஒரு வசதிக் குறைவு, அவ்வளவே. ரேஷன் அட்டையைக் காட்டினால் அரிசி கிடைத்தது. பிறகு வந்த நூறு நாள் வேலைக்கும் முதலில் வருகைப் பதிவேடே போதுமாக இருந்தது. இன்று ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டும். வங்கிக்கும் ஆதாருக்கும் ஓடிபி வர வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாயிற்று. 2020இல் பள்ளிக்கூடமே போனுக்குள் போனபோது பாறை உச்சியிலும் மரக்கிளையிலும் உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகளைத் தமிழகம் பார்த்தது. 2008 முதல் நம்மிடம் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. அந்த மூன்று எண்களை அழுத்தவும் சிக்னல் வேண்டுமே! டோலி கீழே வந்து சேரும்போது ஆம்புலன்ஸ் தயாராக நிற்க வேண்டுமானால் மேலேயிருந்து யாராவது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சின்னூரும் பெரியூரும் அரசுக் கணக்கில் திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம். ஆனால் அந்த மக்களுக்குச் சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில். மனு ஒரு மாவட்டத்தில், வாழ்க்கை இன்னொரு மாவட்டத்தில்.

மலைக்கு ரோடு போட ஆண்டுகள் ஆகும். காட்டைக் கடக்க வேண்டும், பாலம் கட்ட வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும். சோலார் பேனலில் ஓடும் ஒரு சிறிய டவருக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. பெரியகுளத்துக்காரர்களே, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது, நம் தெரு நெட் வேகத்தைப் பற்றி எழுதும் மனுவில் அகமலைக்கும் சின்னூருக்கும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதன் நகல் ஒன்று திண்டுக்கல்லுக்கும் போகட்டும்.